கல்லுக்குச் சீட்டு எழுதிய மனிதர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பேராதனைக் கம்பஸில் படிக்கிற தங்கச்சியின் மகள் வந்திருந்தாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அலுமாரியைத் திறந்து என் அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். இரும்பில் செய்தது, ஒரு சாண் நீளம் வராது. அலகுக்கு மேலே வளைந்த பகுதியில் பித்தளை பதித்திருக்கிறது. அதில் ஒரு கொடி ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலையை விட்டுவிட்டுத் திரும்புகிறது. கைப்பிடி இரண்டும் நுனியில் மொட்டுப் போல முடிகின்றன. அம்மாவின் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கத்துக் கொடி மட்டும் தேய்ந்து வழுவழுத்துப் போயிருக்கிறது.

“பெரியம்மா, இது அன்டிக்தானே? வித்தா எவ்வளவு போகும்?”

“எங்க செய்தது எண்டு சொல்லு, பிறகு விலையைப் பாப்பம்.”

தெரியாது என்றாள். யார் செய்தது? தெரியாது. கல்யாணச் சீராக வந்ததா, கடையில் வாங்கியதா, கடனுக்கு ஈடாக வந்ததா? அதுவும் தெரியாது. அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் தெரியாது. அம்மா இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை. தேத்தண்ணியையும் கித்துள் கருப்பட்டியையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, இந்த மலைநாட்டில் இதே கேள்விகளை ஊர் ஊராகப் போய்க் கேட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆனந்த குமாரசுவாமி.

“கொழும்பில ஒரு ரோட்டுக்குப் பேர் வச்சிருக்கே, அவரா?”

அவரேதான். பெரும்பாலானோருக்கு அவர் இப்போது ஒரு வீதியின் பெயர். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குச் சிவ நடனத்தைப் பற்றி எழுதிய தத்துவ அறிஞர். இரண்டுக்கும் முந்திய ஒரு குமாரசுவாமி இருக்கிறார். முப்பது வயது நிரம்பாதவர், சுத்தியலும் குறிப்பேடுமாகக் கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரிந்தவர். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

தகப்பனார் சேர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர் கொண்ட கொழும்புத் தமிழர், சட்டசபை அங்கத்தவர். லண்டனுக்குப் போய் 1863இல் பாரிஸ்டரானவர். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்தக் கதவு திறந்தது அதுவே முதல் தடவை. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கினார். பாளி மொழியிலிருந்து சுத்த நிபாதத்தையும் தாதாவம்சத்தையும் மொழிபெயர்த்தார். சைவ வீட்டுப் பிள்ளை பௌத்த நூல்களை மொழிபெயர்த்திருக்கிறார் என்பதைக் கவனி என்று அவளிடம் சொன்னேன். மகன் பின்னால் செய்ததற்கு விதை அங்கே இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தருக்கு மாமி மக்கள், முத்து குமாரசுவாமியின் சகோதரி பெற்ற பிள்ளைகள்.

தாய் எலிசபெத், இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். ஆனந்தர் 1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். குழந்தையோடு தாய் இங்கிலாந்து போனார். தகப்பன் பின்னால் போவதாக ஏற்பாடு. கப்பலேற வேண்டிய 1879 மே 4ஆம் திகதியே தகப்பன் இறந்துபோனார். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. அப்புறம் வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கிலாந்தில். தமிழ் பேசிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. தகப்பன் விட்டுப்போன சொத்து இருந்தபடியால் பிழைப்புக்காக ஒருவரிடம் கைகட்டி நிற்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வசதி இல்லாவிட்டால் அவர் செய்த வேலை நடந்திருக்காது. பழம்பொருள் சேர்ப்பதும், அதைப் பற்றி வருடக்கணக்கில் எழுதுவதும் அன்றைக்குக் காணி பூமி உள்ளவர்களால் மட்டுமே முடிந்த காரியம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் படித்தது கலை என்று நினைத்துவிடக் கூடாது. புவிச்சரிதமும் தாவரவியலும். 1900இல் முதல் வகுப்பில் தேறினார். எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து, இலங்கைக்கு வந்து, 1903இலிருந்து 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தார். கண்டி அருகே குடியிருந்து இந்தத் தீவின் கற்களைப் பார்த்தார்.

இங்கே அவள் கொஞ்சம் சலித்துக்கொண்டாள். பழம்பொருளைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கல்லைப் பற்றிச் சொல்கிறீர்களே என்றாள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் திறப்பு அந்தக் கல்லில்தான் இருக்கிறது. கல் ஆராய்கிறவர் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக ஒரு சீட்டு எழுதுவார். எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் பாறைக்குப் பக்கத்தில், மண்ணுக்கு எவ்வளவு கீழே. சீட்டு இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. சீட்டு உள்ள கறுப்புக் கட்டி ஒரு மலையின் வரலாற்றையே சொல்லிவிடும். 

1904இல் நடந்ததைப் பார். சப்ரகமுவாவில், பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில், கையில் எடுத்தால் எதிர்பாராத பாரமாக இருக்கும் கறுத்த சின்னச் சதுரக் கட்டிகள் கிடைத்தன. மாணிக்கம் தேடுகிறவர்களுக்கு அவை வேண்டாத கற்கள். குமாரசுவாமி அவற்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். உலகம் அதுவரை அறியாத ஒரு கனிமம் என்று தெரிந்தது. தோரியம் நிறைந்திருந்ததால் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். நம் வீடுகளில் முன்பு பெற்றோமக்ஸ் விளக்கு இருந்ததே, அதில் பளீரென்று எரிந்த வலைச் சீலைக்கு வெளிச்சம் கொடுத்தது அந்தத் தோரியம்தான். 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

கல் தேடிப் போகிறவர் பெருந்தெருவில் போக முடியாது. ஓடை போகும் வழியே போக வேண்டும். கிராமத்தில் தங்க வேண்டும். அப்படிப் போன இடங்களில் விகாரைகளையும் தேவாலயங்களையும் பார்த்தார். பழைய சுவரோவியத்தை அழித்து மலிவான நிறத்தில் மேல்பூச்சு நடந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தச்சும் சித்திரமும் செய்த குடும்பங்கள் அதே ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, திருத்த வேலை வேறு யாருக்கோ போனது. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி வெளியிட்டார். உங்கள் பொறுப்பில் இருக்கும் கோயில்களை உங்கள் கண்முன்னாலேயே அழியவிடுகிறீர்கள், அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, அவர்களைக் கூப்பிடுங்கள் என்பது அதன் சாரம். இருபத்தேழு வயது இளைஞன், பாதி வெள்ளைக்காரன், தமிழ்ப் பெயர்க்காரன், கண்டியச் சிங்களப் பிரபுக்களுக்கு அவர்களுடைய கோயில்களைப் பற்றிச் சொல்கிறான். எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதே வருடத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தையும் தொடங்கினார். ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்வதை எதிர்த்தார். பள்ளியில் தாய்மொழி வேண்டும், நாட்டுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று அருணாசலம் போன்றவர்களோடு சேர்ந்து வாதாடினார்.

“அப்ப எங்கட கம்பஸ்?”

அந்த வாதத்தின் கடைசி முனை அது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தது. பேராதனைக்குக் குடிபெயர்ந்தது 1952இல். அவர் குடியிருந்த மலைச் சாரலிலேயே நீ இன்று படிக்கிறாய் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

இனிச் சொல்லப்போவது பாக்குவெட்டியின் கதை. கைவினைஞரிடம் போன குமாரசுவாமி, கல்லிடம் கேட்ட கேள்விகளையே அவர்களிடமும் கேட்டார். இதற்குப் பெயர் என்ன? எந்த மரம், எந்த உலோகம், எந்த உளி? இந்த வளைவுக்கு உங்கள் வாயில் என்ன பெயர்? யாருக்காகச் செய்கிறீர்கள்? செய்வதற்கு என்ன கிடைக்கிறது? கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் கண்டியக் கலை முழுவதையும் விளங்கிக்கொள்ள ஒரு வழி அவருக்குக் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். பழைய பதில் காசு இல்லை, காணி.

கண்டி இராச்சியத்தில் ஆச்சாரிக்கு நெல்வயல் இருந்தது. அதை அவன் அனுபவிக்கலாம், மகனுக்கும் விடலாம். பதிலுக்கு அரசனுக்கோ கோயிலுக்கோ வருடத்தில் இத்தனை நாள் வேலை. இராஜகாரிய முறை என்பது இது. அரசனுக்கென்றே நாலு பட்டறைகள் இருந்தன. சிங்களத்தில் பட்டல் ஹத்தற. பட்டல் என்ற சொல் நம் காதில் பட்டறை என்றே விழும். பொன்வாள், முடி, ஆபரணம், சிங்காசனம் என்று பட்டறைகளின் பெயர்களே வேலையைச் சொல்லிவிடும். சோற்றுக்கு வயல் இருக்கிறது. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு யானைத்தந்தச் சீப்பை மூன்று மாதம் செதுக்கினாலும் அடுப்பு எரியும். இந்தப் பாக்குவெட்டியில் ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலையை விட்டுத் திரும்புகிற கொடிக்கு லியவெல என்று பெயர். அந்தக் கொடி இவ்வளவு நிதானமாக ஓடுவதற்குக் காரணம் எங்கோ ஒரு வயல்.

1815இல் கண்டி விழுந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கூலியில்லாக் கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலை வாங்க அரசனே இல்லாமல் போனான். கைவினைக்குப் பின்னால் நின்ற ஏற்பாடு உடைந்தது. கோயில் காணிகளில் மட்டும் பழைய முறை ஓரளவு தொடர்ந்தது. கண்டி விழுந்து ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்துக் குமாரசுவாமி வந்தபோது பிழைத்திருந்த கலை பெரும்பாலும் கோயிலை அண்டியே பிழைத்திருந்தது.

அவர் பார்த்து எழுதிய தொழில்களில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மாத்தளைப் பக்கம் ஹப்புவிட என்ற ஊரில் இன்றும் அரக்கு வேலை செய்கிறார்கள். அரக்கு என்பது மரத்தில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியின் பிசின். அதைச் சூடாக்கிச் சாயம் சேர்த்துப் பிசைகிறார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. இளகிய அரக்கை இரண்டு கையாலும் இழுக்க இழுக்க நூலாக வரும், சாப்பிடுகிற இடியப்ப இழை அளவுக்கு. ஒரு தடியைத் தணலில் காட்டிச் சூடாக்கி, அதன்மேல் அந்த நூலை வைத்து, வேண்டிய நீளத்தில் பெருவிரல் நகத்தாலேயே வெட்டி அழுத்துவார்கள். உளி கிடையாது, தூரிகை கிடையாது. நகத்தால் செய்யும் வேலை என்றே அதற்குப் பெயர். சூடு கூடினால் அரக்கு வழிந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. எவ்வளவு சூடு என்று புத்தகத்தில் எழுதி வைக்க முடியாது. தகப்பன் கையைப் பார்த்து மகன் கை கற்றுக்கொள்வதுதான் ஒரே வழி. ஒரு தலைமுறை விட்டுப் போனால் அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது. குமாரசுவாமி ஏன் அவ்வளவு பதற்றத்தோடு எழுதினார் என்பது அந்த நகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இந்தத் தொழில்களைப் பதிந்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவர் மனைவி எதெல். பாரமான கமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் போய் எடுத்த படங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது மனவருத்தம். இலங்கையில் நெசவையும் தையல் வேலையையும் உட்கார்ந்து பார்த்தவர், பிற்காலத்தில் எதெல் மெயரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முதல் வரிசை நெசவுக் கலைஞரானார். மரஞ்செடிச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1916இல் வந்தது. கண்டியக் கிராமத்துத் தறியில் கண்டது ஆங்கில நாட்டுத் தறிக்குப் போனது.

இருவரும் இங்கிலாந்து திரும்பிய பின், பதினெட்டாம் நூற்றாண்டில் தழைத்திருந்த கண்டியக் கலையைப் பற்றி ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரும் புத்தகத்தை அச்சிட்டார்கள். அச்சிட்டது, வில்லியம் மொரிஸ் என்ற ஆங்கிலக் கைவினைஞர் தன் புகழ்பெற்ற சோசர் கவிதைப் பதிப்பை அடித்த அதே கையச்சு இயந்திரத்தில். 1907 செப்டெம்பரில் தொடங்கி 1908 டிசெம்பர் வரை, பதினைந்து மாதம். மொத்தம் 425 பிரதிகள். கையால் செய்த கலையைப் பற்றிய புத்தகம் கையாலேயே அடிக்கப்பட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

“பதினெட்டாம் நூற்றாண்டை எப்படி மத்தியகாலம் எண்டு சொல்லலாம்?” வரலாறு படிக்கிற பிள்ளை, சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். அவர் ஆண்டுக் கணக்கைப் பார்க்கவில்லை, வாழ்ந்த முறையைப் பார்த்தார். காணிக்கு வேலை, வேலைக்குக் காணி, பரம்பரைத் தொழில், கோயிலுக்கும் அரசனுக்கும் வீட்டுக்கும் ஒரே கை செய்து கொடுப்பது. இந்த முறை ஐரோப்பாவில் எப்போதோ போய்விட்டது. கண்டியில் 1815 வரை இருந்தது. புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே சமுதாய அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் பற்றியது என்று போட்டுவிட்டார். பழம்பொருள் சேர்க்கிறவர்கள் எழுதும் புத்தகங்களில் அக்காலத்தில் அப்படி ஒரு வரி இராது.

இன்னொன்றும் சொன்னேன், தமிழ்ப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக. சிங்களக் கலை என்று பெயர் வைத்த அந்தப் புத்தகத்தின் உலகத்தில் நாமும் இருக்கிறோம். கண்டியக் கலை கடைசியாகச் செழித்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1747 முதல் 1782 வரை. அவன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். தெகல்தொருவைக் குகைக் கோயிலின் அழகான ஜாதகக் கதை ஓவியங்கள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. இன்னும் பின்னால் போனால் கடலாதெனிய விகாரை. 1344இல் அதைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி, பெயரே தென்னிந்திய வேரைச் சொல்கிறது. பக்கத்து லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் எம்பெக்க தேவாலயம், கதிர்காமத் தெய்வத்துக்கு எழுப்பியது, நம் முருகன். அதன் மரத் தூண்களில் அன்னமும் மல்லரும் பால் கொடுக்கும் தாயும். ஆச்சாரி என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றேதான். ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தெடுக்கப் போனால் மரம்தான் பிளக்கும்.

அவர் எழுதிய எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. பழைய கண்டிச் சமுதாயத்தை அவர் மிகுந்த அன்போடு பார்த்தார். அந்த அன்பில் சில இடங்களில் கண் மங்கியது. தும்பறைப் பாயைப் பார்த்திருப்பாய். ஹணை நாரில் நெய்வது; சிவப்பும் கறுப்புமாக யானையும் மானும் வரும். அதை நெய்த கின்னரச் சாதியினரைச் சமூகம் மிகத் தாழ்த்தி வைத்திருந்தது. வயலும் பரம்பரைத் தொழிலும் ஆச்சாரிக்கு நிம்மதி தந்தது உண்மை. அதே ஏற்பாடு கின்னரப் பிள்ளையை வேறெதற்கும் போகவிடாமல் கட்டிப் போட்டதும் உண்மை. சாதி வரிசையைக் குமாரசுவாமி மறைக்கவில்லை, கவனமாகப் பதிந்தார். ஆனால் கீழே இருந்தவர்களின் வலி அவர் எழுத்தில் எனக்குப் போதிய அளவு கேட்கவில்லை.

அவர் சேர்த்த பொருள்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். மனதை உறுத்தும் பகுதி இது. இலங்கையை விட்ட பின் இந்தியாவில் அலைந்தார். 1910-11 அலகாபாத் கண்காட்சியில் கலைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். ராஜஸ்தானிலும் பஞ்சாப் மலைகளிலும் யாரும் மதிக்காமல் கிடந்த சின்ன ஓவியங்களைச் சேகரித்தார். அவை முகலாய ஓவியத்தின் வால் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். இது தனி மரபு என்று நிறுவி, ராஜபுத்திர ஓவியம் பற்றி 1916இல் இரண்டு பாகங்களில் எழுதினார். தன் சேகரிப்பு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டினால் அதற்கு அடிப்படையாக எல்லாவற்றையும் கொடுக்க முன்வந்தார். கட்ட யாரும் முன்வரவில்லை. உலகப் போரும் வந்தது. பிரித்தானியப் படையில் சேர அவர் மறுத்தார். 1917இல் டென்மன் ரொஸ் என்ற செல்வந்தர் சேகரிப்பை வாங்கி பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பொருள்களோடு பொருளாக அவரும் போனார், இந்தியக் கலையின் பொறுப்பாளராக. முப்பது வருடம் அங்கேயே.

“அப்ப அவரும் வெள்ளைக்காரர் மாதிரி இங்கத்தைச் சாமானைக் கொண்டு போனவர்தானே?”

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனது போனதுதான். பொஸ்டனில் ஓர் ஓவியம் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தீட்டிய ஊர்ப் பிள்ளை அதைப் பார்க்க விசா எடுக்க வேண்டும். இது நியாயமில்லை. ஆனால் இதையும் பார்க்க வேண்டும். அவர் கொடுக்க வந்தபோது வாங்க இங்கே கை நீளவில்லை. கண்டியிலிருந்தும் எத்தனையோ வெள்ளிக் கரண்டகங்களும் தந்தச் சிமிழ்களும் கப்பலேறின, யார் கொண்டு போனார்கள் என்ற குறிப்புக்கூட இல்லாமல். அவை இன்று எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் ‘இலங்கை’ என்ற ஒரே சொல்லோடு இருக்கின்றன. குமாரசுவாமியின் கை பட்டவற்றுக்கு ஊர் இருக்கிறது, பயன் இருக்கிறது, செய்முறை இருக்கிறது. சில இடங்களில் செய்தவரின் குடும்பமும் இருக்கிறது. பொருள் தொலைந்தாலும் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி செய்யலாம். 

தலதா மாளிகைக்குப் பின்னால், அரசியர் குடியிருந்த பழைய கட்டடத்தில் இப்போது தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1942இல் வந்தது. அதற்கு முன்பே, 1882இல், கண்டியக் கலைச் சங்கம் தொடங்கிக் கைவினைஞருக்கு வேலை தேடிக் கொடுக்க முயன்றது. அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு பின்னேரம் போய் வெற்றிலைத் தட்டங்களையும் கிள்ளோட்டையையும் பார்த்துவிட்டு வா என்றேன். கிள்ளோட்டை என்பது சுண்ணாம்புச் சிமிழ், வட்டமாக, கைக்கடிகாரம் மாதிரி மூடித் திறக்கும். சுண்ணாம்பு எடுக்கச் சின்னக் கரண்டி சங்கிலியில் தொங்கும். அதைப் பார்க்கும்போது குமாரசுவாமி கடைசிக் காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை நினைத்துக்கொள். கலைப்பொருள் என்று நாம் கண்ணாடிக்குள் வைப்பவை எதுவும் கண்ணாடிக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டது. சாமிக்கு விளக்காக, விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டமாக, பிள்ளைக்குத் தொட்டிலாக. தேவையை மறந்துவிட்டு அழகை மட்டும் பார்ப்பது பாதி பார்ப்பது என்றார். முப்பது வருடம் அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கியவர் அப்படி எழுதினார்.

செய்தவனின் பெயரைப் பற்றியும் அவர் கருத்து வயதோடு மாறியது. கண்டியில் இளைஞனாக இருந்தபோது கைவினைக் குடும்பங்களைத் தேடிப் பதிந்தவர், முதுமையில் பழைய கலைஞன் தன் பெயரைப் போடாமல் விட்டதைப் பெரிதாகப் போற்றினார். நான் என்ற எண்ணம் கரைந்த இடத்தில்தான் உயர்ந்த வேலை நடக்கிறது என்பது அவர் முடிவு. எனக்கு இளம் குமாரசுவாமியின் பக்கமே மனம் சாய்கிறது. பெரிய மனிதர் தன் பெயரைக் கரைத்துக்கொள்வது துறவு. வயலும் போய், வேலையும் போய், பெயரும் போன ஆச்சாரி விரும்பித் துறந்தவன் இல்லையே.

1947 ஓகஸ்டில் இந்தியா விடுதலையானது; அதே மாதம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அமெரிக்காவை விட்டு இந்தியாவுக்குத் திரும்பி, இமயமலைப் பக்கம் ஒதுங்கி வாழ விரும்புவதாக நண்பர்களிடம் சொன்னார். பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, பொஸ்டனுக்கு அருகே நீடமில் வீட்டிலேயே இறந்துபோனார். இலங்கை விடுதலை பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. அவள் பாக்குவெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்ந்த பக்கத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள்; சரியாகப் பொருந்தியது. “அம்மம்மா வலக்கையா இடக்கையா?” என்று கேட்டாள். அம்மா இடக்கைக்காரி. ஐம்பது வருடம் அந்தக் கையால் சோறு பிசைந்து தின்ற எனக்கு, அந்தத் தேய்மானம் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றுவரை தோன்றவில்லை.

பையிலிருந்து கொப்பியை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். மேலே பாக்குவெட்டி என்று எழுதினாள். இரும்பு, பித்தளைப் பதிப்பு, லியவெல. வைத்திருந்தவர் அம்மம்மா, இடக்கை. எங்கே வாங்கியது என்ற இடத்தில் பேனா நின்றது.

“மாத்தளைச் சின்னம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அம்மாவுடன் பிறந்தவர்களில் இருப்பது அவர் ஒருவர்தான். எண்பத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தமில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் எடுத்தால் பேசுவார் என்றேன். அவள் அப்போதே எடுத்துவிட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.